பல வருடமாகச் சுகர் மாத்திரை, இப்போது கால் மதமதப்பும் ரத்தசோகையும்: மெட்ஃபார்மினும் பி12 குறைபாடும் பற்றிய கேள்வி பதில்

இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்குப் பெரும்பாலும் முதலில் எழுதப்படும் மாத்திரை மெட்ஃபார்மின். விலை குறைவு, நீண்ட காலம் பயன்படுத்திப் பார்த்த மருந்து, எடையையும் ஏற்றாது. பத்துப் பதினைந்து வருடம் விடாமல் எடுப்பவர்கள் நம்மிடையே ஏராளம். அப்படி எடுப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு உடலில் வைட்டமின் பி12 மெல்ல மெல்லக் குறைகிறது. குறைந்தது தெரியாமலே காலில் மதமதப்பு, நடையில் தள்ளாட்டம், ரத்தசோகை, மறதி என்று வந்து நிற்கும். "சுகர்தானே, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டிலும் சொல்வார்கள், சில சமயம் கிளினிக்கிலும் சொல்வார்கள். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து எளிதாகச் சரிசெய்யக்கூடிய குறை இது. நாள் கடந்தால் மட்டும் நரம்பு முழுதாகத் திரும்பாமல் போகலாம். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

நான் எடுக்கும் மாத்திரையில் மெட்ஃபார்மின் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மாத்திரை அட்டையின் பின்பக்கம் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். கிளிமெபிரைடு, வில்டாகிளிப்டின், சிட்டாகிளிப்டின், டாபாகிளிஃப்ளோசின் போன்றவற்றோடு மெட்ஃபார்மினைச் சேர்த்துத்தான் பல மாத்திரைகள் வருகின்றன. பெயரின் கடைசியில் 'எம்' என்ற எழுத்து இருந்தால் பெரும்பாலும் மெட்ஃபார்மின் கலந்தது. 'எம் 1', 'எம் 2' என்று இருந்தால் அந்த எண் பொதுவாகக் கிளிமெபிரைடின் அளவு. மெட்ஃபார்மின் அதில் 500 மி.கி. இருக்கும். 'ஃபோர்ட்டே' என்று போட்டிருந்தால் 1000 மி.கி. இருக்க வாய்ப்பு உண்டு. அட்டையைப் படித்தே உறுதிசெய்யுங்கள்.

ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை மில்லிகிராம் மெட்ஃபார்மின் உள்ளே போகிறது என்று கூட்டி ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். எந்த வருடம் தொடங்கியது என்பதையும் அதிலேயே குறியுங்கள். கீழே வரும் பல பதில்களுக்கு இந்த இரண்டு எண்களும் வேண்டும்.

மெட்ஃபார்மின் எப்படிப் பி12-ஐக் குறைக்கிறது?

சாப்பாட்டில் இருக்கும் பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வயிற்று அமிலம் அதைப் பிரித்தெடுக்கிறது. பிறகு இரைப்பை சுரக்கும் 'உள்ளார்ந்த காரணி' என்ற புரதத்தோடு சேர்ந்து சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை போகிறது. அங்கேதான் அது ரத்தத்துக்குள் நுழைய வேண்டும். அந்த வாசல் திறக்கக் கால்சியம் தேவை. மெட்ஃபார்மின் குடல் சுவரில் கால்சியம் செய்யும் இந்த வேலையைத் தடுக்கிறது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். சத்து குடல்வரை வந்தும் உள்ளே போகாமல் கழிந்துவிடுகிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே மருத்துவ இதழ்களில் வந்துவிட்டது. 2010-இல் நெதர்லாந்தில் இருந்து வந்த ஆய்வு சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டியது: இன்சுலின் போடும் 390 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 850 மி.கி. மெட்ஃபார்மினைத் தினம் மூன்று வேளையும் மறு பிரிவுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். நான்கு வருடத்துக்குச் சற்று மேல் ஆனபோது மெட்ஃபார்மின் பிரிவில் பி12 அளவு சராசரியாக 19 சதவீதம் இறங்கியிருந்தது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 ஜூனில் இதை 'அடிக்கடி ஏற்படும்' பக்க விளைவு என்று வகைப்படுத்தியது. பத்தில் ஒருவர் வரை பாதிக்கப்படலாம் என்பது அதன் பொருள்.

எத்தனை வருடம் எடுத்தால் பிரச்சினை தொடங்கும்?

நம் உடல் 2 முதல் 5 மில்லிகிராம் வரை பி12-ஐச் சேமித்து வைத்திருக்கிறது, அதில் ஏறக்குறையப் பாதி கல்லீரலில். ஒரு நாளின் தேவையோ 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல்தான். அதனால் வரவு குறைந்தாலும் கிடங்கு தீர மூன்று முதல் ஐந்து வருடம் ஆகும். நான்கு வருடத்துக்கு மேல் எடுப்பவர்கள், ஒரு நாளைக்கு 1500 மி.கி.க்கு மேல் எடுப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். 2000 மி.கி. என்றால் இன்னும் கவனம். ஆனால் தொடங்கும்போதே கிடங்கு பாதி காலியாக இருந்தவருக்கு ஒரு வருடத்திலேயே குறை தெரியலாம். காலம் காலமாகச் சைவம் சாப்பிடும் குடும்பங்களில் இதுதான் நடக்கிறது.

வேறு யார் யாருக்கு ஆபத்து கூடுதல்?

முதலில் சொல்ல வேண்டியது 'கேஸ் மாத்திரை'. காலையில் வெறும் வயிற்றில் பான்டோபிரசோலோ ஒமெபிரசோலோ ஒன்று, அப்புறம் சுகர் மாத்திரை என்பது பல வீடுகளில் வருடக்கணக்காக ஓடும் வழக்கம். அந்த மாத்திரை அமிலத்தைக் குறைக்கிறது. அமிலம் குறைந்தால் பி12 உணவிலிருந்து பிரியாது. மெட்ஃபார்மினோ குடலின் கடைசி வாசலில் தடுக்கிறது. ஒரே சத்துக்கு இரண்டு இடத்தில் அடைப்பு. கேஸ் மாத்திரை உங்களுக்கு இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எப்போதோ இரண்டு வாரத்துக்கு எழுதியது ஐந்து வருடமாகத் தொடர்வது மிகச் சாதாரணம்.

அடுத்து 60 வயதைக் கடந்தவர்கள், இரைப்பையிலோ சிறுகுடலிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், தினமும் மது குடிப்பவர்கள். தைராய்டு அல்லது முதல் வகைச் சர்க்கரை போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களுக்கு உள்ளார்ந்த காரணியே சுரக்காமல் போகும் நோயும் கூடவே வரலாம்.

என்னென்ன அறிகுறிகள் தெரியும்?

மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, சோர்வு, முகம் வெளுப்பது, படபடப்பு ஆகியவை ரத்தசோகைக்கு உரியவை. நாக்கு வழவழவென்று சிவந்து, காரம் பட்டால் எரிவது பி12 குறைவை நன்றாகவே காட்டிக்கொடுக்கும். விரல் கணுக்களின் மேல் தோல் கறுத்துப் போவதும் நம் ஊர் நிறத்தவர்களிடம் காணக்கூடிய அடையாளம். வெயிலில் கறுத்தது என்று விட்டுவிடுவார்கள். நரம்பு பாதித்தால் பாதத்திலும் விரல்களிலும் எறும்பு ஊர்வது போல இருக்கும், பஞ்சின்மேல் நடப்பது போலத் தோன்றும், செருப்பு கழன்றது தெரியாமல் நாலடி நடந்துவிடுவார்கள். மறதி, எரிச்சல் சுபாவம், மனச்சோர்வும் வரலாம். வயதானவர்களிடம் இதை மட்டும் பார்த்துவிட்டு "வயசாயிடுச்சு" என்று ஒதுக்கிவிடக் கூடாது.

கால் எரிச்சலும் மதமதப்பும் சுகரால் வந்ததா, பி12 குறைவாலா? எப்படிப் பிரிப்பது?

எல்லாரும் தடுமாறும் இடம் இது. இரண்டுமே பாதத்தில் இருந்து தொடங்கும். இரண்டுமே இரு காலையும் ஒன்றாகப் பிடிக்கும். ஒரே ஆளுக்கு இரண்டும் இருப்பதும் உண்டு. அதனால் அறிகுறியை மட்டும் வைத்து முடிவுகட்டவே கூடாது. ஆனால் சில வேறுபாடுகள் வழி காட்டும்.

சர்க்கரையால் வரும் நரம்பு பாதிப்பு பெருவிரலில் தொடங்கி வருடக்கணக்கில் மெல்ல மேலே ஏறும். ராத்திரி படுக்கும்போது எரிச்சல் கூடும். அது முழங்கால்வரை வந்த பிறகுதான் பொதுவாகக் கைவிரலைத் தொடும். கால் மதமதப்பு தொடங்கிய கொஞ்ச நாளிலேயே கையும் மதமதத்தால் பி12-ஐச் சந்தேகியுங்கள். சில மாதங்களுக்குள் வேகமாகக் கூடினாலும், எரிச்சலைவிடத் தள்ளாட்டம் முன்னே நின்றாலும் அப்படியே. பி12 குறைந்தால் கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் தண்டுவடப் பாதையே சேதமாகும். பகலில் கண்ணால் பார்த்துச் சமாளித்து நடப்பார்கள். வாஷ்பேசின் முன்னால் நின்று கண்ணை மூடி முகம் கழுவும்போதோ, கரண்ட் போன இருட்டிலோ ஆடிப்போவார்கள். மருத்துவர் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைப் பெருவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பதும், விரலை மேலும் கீழும் அசைத்து எந்தப் பக்கம் என்று கேட்பதும் இதற்காகத்தான். முழங்காலில் சுத்தியலால் தட்டும்போது கால் வழக்கத்தைவிட வேகமாக எகிறினால் அது தண்டுவடத்தைக் காட்டுகிறது. சர்க்கரை நரம்பு நோயில் அந்த எகிறல் குறையத்தான் செய்யும்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. இப்ஸ்விச் தொடு சோதனை என்று பெயர். பாதிக்கப்பட்டவர் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளட்டும். இன்னொருவர் ஆள்காட்டி விரல் நுனியால் ஒவ்வொரு பாதத்திலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை ஓரிரு நொடி இறகு படுவது போலத் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தடவக் கூடாது, உணரவில்லை என்று மறுபடி தொடவும் கூடாது. ஆறு தொடலில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியவில்லை என்றால் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கிறது. காரணம் எது என்று இந்தச் சோதனை சொல்லாது. மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதை மட்டும் சொல்லும்.

பிரீகாபலின் அல்லது கபாபென்டின் எழுதித் தந்து, பி12 பார்க்கச் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். அந்த மாத்திரைகள் வலியைக் குறைக்கும். குறைந்த சத்தைக் கொண்டுவராது.

ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறதே, அப்படியானால் பி12 குறைவு இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. ரத்தசோகை வராமலே நரம்பு கெடலாம். ஹீமோகுளோபின் 14 கிராம் இருக்கிறது என்பதற்காகக் கால் மதமதப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பி12 குறைந்தால் சிவப்பணு பெருக்கும், அதாவது எம்.சி.வி. 100-க்கு மேல் போகும் என்று பாடம் சொல்கிறது. இரும்புச்சத்து குறைந்தால் சிவப்பணு சிறுக்கும், எம்.சி.வி. 80-க்குக் கீழே இறங்கும். ஒரே ஆளுக்கு இரண்டும் குறைந்தால்? ஒன்று இழுக்க மற்றொன்று தள்ள, எம்.சி.வி. 88 என்று அழகாக வந்து நிற்கும். தலசீமியா சிறு கூறு (பிறவியிலேயே சிவப்பணு சிறியதாக இருக்கும் பரம்பரைத் தன்மை) உள்ளவர்களுக்கும் இதே கதை. நம் நாட்டில் இரும்புக் குறைவு இவ்வளவு பரவலாக இருக்கும்போது, எம்.சி.வி. சரியாக இருக்கிறது என்பதை வைத்துப் பி12-ஐத் தள்ளிவிடுவது தவறு. அதே தாளில் ஆர்.டி.டபிள்யூ. என்று ஒரு வரி இருக்கும். சிவப்பணுக்களின் அளவு ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுபடுகிறது என்பது அது. 15-க்கு மேல் இருந்தால் பெரியதும் சிறியதும் கலந்திருக்கிறதோ என்று யோசிக்க வேண்டும். ரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்க்கும்போது ஆறு மடல் கொண்ட வெள்ளையணு ஒன்றாவது தென்பட்டால் அது பி12 அல்லது ஃபோலேட் (இன்னொரு பி வைட்டமின், மாத்திரையில் ஃபோலிக் அமிலம்) குறைவின் அடையாளம்.

சர்க்கரை நோயாளிக்கு ரத்தசோகை என்றால் காரணம் பி12 மட்டும்தானா?

இல்லவே இல்லை. ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழ், கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழ் இருந்தால் ரத்தசோகை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று சிறுநீரகம். எலும்பு மஜ்ஜைக்கு "ரத்தம் செய்" என்று கட்டளையிடும் எரித்ரோபொயட்டின் ஹார்மோனைச் செய்வது சிறுநீரகம்தான். சர்க்கரையால் அது கெடும்போது கட்டளை குறைகிறது. அதனால் கிரியாட்டினின், இ-ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு), சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் மூன்றையும் பார்க்காமல் ரத்தசோகையை விளக்க முடியாது.

இரும்புக் குறைவைக் கண்டுபிடிக்க, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்க வேண்டும். 30-க்குக் கீழே என்றால் சந்தேகமே வேண்டாம். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்களுக்கு வயிற்றில் சிறுகச் சிறுக ரத்தம் கசியலாம். மலம் தார் போலக் கறுத்துப் போனால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். 50 வயதைத் தாண்டிய ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்பு குறைந்தால், டானிக் குடித்து ஏற்றிக்கொள்வதோடு நிறுத்தாமல் குடலில் எங்கே கசிகிறது என்று தேடியாக வேண்டும். குடல் புற்றுநோய் இப்படித்தான் முதலில் தலைகாட்டும்.

சுகர் மருந்துகளில் பயோகிளிட்டசோன் உடலில் நீரைத் தேக்கி ரத்தத்தை நீர்க்கச் செய்வதால் ஹீமோகுளோபின் சற்று இறங்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை அதற்கு நேர்மாறு, எண்ணைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும். ஆகவே இந்த மருந்து தொடங்கிய பிறகு ஹீமோகுளோபின் கூடினால் சத்துக் குறை தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எந்தப் பரிசோதனை, எப்போது எடுக்க வேண்டும்?

அமெரிக்காவில் மெட்ஃபார்மினோடு தரப்படும் மருந்துக் குறிப்பு, ரத்த அணுக்கள் எண்ணிக்கையை வருடம் ஒருமுறையும், பி12-ஐ இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறையும் பார்க்கச் சொல்கிறது. சைவ உணவு, கேஸ் மாத்திரை, 60-க்கு மேல் வயது, தினம் 1500 மி.கி.க்கு மேல் மருந்து, இவற்றில் ஒன்று இருந்தாலும் பி12-ஐயும் வருடம் ஒருமுறை பார்ப்பதே எங்கள் பரிந்துரை. மதமதப்போ ரத்தசோகையோ இருந்தால் வருடக் கணக்குப் பார்க்க வேண்டாம், இப்போதே எடுங்கள்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-இல் தொடங்கியதில் இருந்து தமிழ்நாட்டில் பலருக்கு மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. பெரிய உதவி அது. ஆனால் மாத்திரை வந்துவிடுகிறதே என்று மருத்துவரைப் பார்ப்பதையே நிறுத்திவிடாமல், வருடத்துக்கு ஒருமுறையாவது நேரில் போய் ரத்தம் கொடுத்து, பாதத்தைக் காட்டிவிட்டு வாருங்கள்.

பரிசோதனைக்கு முன் இரண்டு எச்சரிக்கைகள். பி12 ஊசி போட்டுக்கொண்டோ சத்து மாத்திரை விழுங்கிக்கொண்டோ போனால் எண் உயர்ந்து வரும், உண்மை மறைந்துவிடும். முதலில் ரத்தம், பிறகு ஊசி என்ற வரிசை மாறக் கூடாது. இரண்டாவது, முடி கொட்டுவதற்காகப் பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் குறைந்தது மூன்று நாள் முன்பே அதை நிறுத்துங்கள். சில கருவிகளில் பயோட்டின் பி12-ஐப் பொய்யாக ஏற்றிக் காட்டும்.

ரிப்போர்ட்டில் பி12 எண்ணை எப்படிப் படிப்பது?

ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு. 300-க்கு மேல் என்றால் பெரும்பாலும் போதுமானது. 200-இல் இருந்து 300 வரை சாம்பல் நிறப் பகுதி. ஆய்வகத் தாள் இதை 'நார்மல்' என்று அச்சிட்டிருந்தாலும், அறிகுறி இருக்கிறவருக்கு அதை நம்பி விட்டுவிடக் கூடாது. அப்போது ஹோமோசிஸ்டீன், மெத்தில்மெலோனிக் அமிலம் என்ற இரண்டு சோதனைகள் உதவும். செல்லுக்குள் பி12 போதாவிட்டால் இவை இரண்டும் ரத்தத்தில் தேங்கும். சிறுநீரகம் கெட்டிருந்தாலும் இவை ஏறும் என்பதால் கிரியாட்டினினோடு சேர்த்தே படிக்க வேண்டும். இந்தச் சோதனைகளுக்குச் செலவு அதிகம். நரம்பு அறிகுறி தெளிவாக இருந்து பி12 நடுப்பகுதியில் நின்றால், காத்திருக்காமல் சிகிச்சையைத் தொடங்கிப் பார்ப்பதும் முறையான வழிதான்.

பி12 குறைந்தால் எச்பிஏ1சி மாறுமா?

மாறும், பலர் அறியாத விஷயம் இது. எச்பிஏ1சி என்பது சிவப்பணு ரத்தத்தில் சுற்றும் நாட்களில் அதன்மேல் படிந்த சர்க்கரையின் கணக்கு. பி12 அல்லது இரும்பு குறைந்தால் புதுச் சிவப்பணு உற்பத்தி குறைகிறது. சுற்றிக்கொண்டிருப்பதில் பழையவையே மிகுதி. பழையதில் சர்க்கரை அதிகம் படிந்திருக்கும். ஆக, தினசரிச் சர்க்கரை மாறாமலே எச்பிஏ1சி உயர்ந்து காட்டும். அதைப் பார்த்து மருந்தைக் கூட்டினால், மெட்ஃபார்மின் கூடியதில் பி12 இன்னும் குறையும். கிளிமெபிரைடோ இன்சுலினோ கூடியிருந்தால் தாழ்சர்க்கரை வரும்.

சிகிச்சை தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும். புதுச் சிவப்பணுக்கள் கூட்டமாக வந்து சேர, எச்பிஏ1சி திடீரென்று இறங்கும். சாப்பாட்டுக் கட்டுப்பாட்டால் வந்த பலன் என்று நினைத்து மருந்தைக் குறைத்துவிடுவார்கள். பி12 சிகிச்சை தொடங்கிய முதல் மூன்று மாதம் எச்பிஏ1சி-யை நம்பாமல், வீட்டுக் குளுக்கோமீட்டரில் வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்த எண்களை எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அப்படியானால் மெட்ஃபார்மினை நிறுத்திவிடலாமா?

வேண்டாம். நீங்களாக நிறுத்தவே வேண்டாம். குறைந்த சத்தை வெளியில் இருந்து கொடுத்துவிட முடியும். மெட்ஃபார்மின் தரும் நன்மையை எளிதில் ஈடுகட்ட முடியாது. பெரும்பாலோருக்கு மருந்தைத் தொடர்ந்துகொண்டே பி12 சேர்த்தால் போதும். மருந்து தொடரும்வரை பி12-உம் ஏதோ ஒரு வடிவில் தொடர வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். மூன்று மாதம் ஊசி போட்டு எண் ஏறியதும் விட்டுவிட்டு, இரண்டு வருடம் கழித்து அதே மதமதப்போடு திரும்பி வருகிறார்கள்.

ஊசியா, மாத்திரையா? எவ்வளவு?

தள்ளாட்டம், கடும் மதமதப்பு, மறதி, அல்லது கடுமையான ரத்தசோகை இருந்தால் ஊசிதான். வழக்கமான முறை: 1000 மைக்ரோகிராம் தசை ஊசி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு வாரத்துக்கு. பிறகு வாரம் ஒன்று நான்கு வாரம். அதன்பின் மாதம் ஒன்று. ஹைட்ராக்சோகோபாலமின் என்ற பி12 வடிவம் என்றால் உடலில் அதிக நாள் தங்குவதால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று போதும். நரம்பு பாதிப்பு இருந்தால் முன்னேற்றம் நிற்கும்வரை முதல் கட்டத்தை நீட்டிப்பார்கள்.

குறைவு மட்டும் இருந்து நரம்பு நன்றாக இருந்தால் மாத்திரை போதும். அளவு தினம் 1000 முதல் 2000 மைக்ரோகிராம். தேவை 2 மைக்ரோகிராம்தானே, எதற்கு ஆயிரம் என்று கேட்கத் தோன்றும். உள்ளார்ந்த காரணி வழியாக ஒரு வேளைக்கு 2 மைக்ரோகிராம் அளவுக்குமேல் உள்ளே போகாது. ஆனால் எவ்வளவு விழுங்கினாலும் அதில் ஏறக்குறைய 1 சதவீதம் எந்தக் காரணியின் துணையும் இல்லாமல் குடல் சுவரில் தானாகக் கசிந்து நுழையும். 1000-இல் 1 சதவீதம் 10 மைக்ரோகிராம். பின்வாசல் வழியாகவே தேவையைத் தாண்டிவிடுகிறோம்.

இங்கேதான் சாதாரணப் பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை தோற்கிறது. சிலவற்றில் பி12 வெறும் 15 மைக்ரோகிராம்தான். சிறுநீர் மஞ்சளாகப் போவதைப் பார்த்துச் சத்து ஏறுகிறது என்று நம்புவார்கள். அந்த மஞ்சள் பி2-வின் நிறம்.

ரத்தத்தை மெலிதாக்கும் மருந்து எடுப்பவர்கள் தசை ஊசிக்கு முன் அதைச் சொல்லிவிடுங்கள், ரத்தம் கட்டிக்கொள்ளலாம். மெத்தில்கோபாலமின் என்ற பி12 வடிவம் வெளிச்சத்தில் கெடும். பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் வருவது அதனால்தான். வாங்கிய ஊசியை வெயில்படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள்.

ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் எடுத்தால் ஆகாதா?

ஆகாது, ஆபத்தும்கூட. பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ஹீமோகுளோபின் ஏறும், முகம் தெளியும். உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். இரண்டும் குறைவாக இருந்தால் பி12-ஐ முதலில் தொடங்கி, பிறகுதான் ஃபோலிக் அமிலம்.

சாப்பாட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

குறைந்த பிறகு முடியாது. குறையாமல் பார்த்துக்கொள்ள உதவும். ஆட்டு ஈரலில் மிக அதிகம், 50 கிராம் சாப்பிட்டாலே பல நாள் தேவைக்கு மேல் கிடைக்கும். கொலஸ்ட்ரால், யூரிக் அமிலம் உள்ளவர்கள் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். மத்தி மீன் 100 கிராமில் 8 மைக்ரோகிராம் அளவுக்கு உண்டு. விலையும் குறைவு, நல்ல கொழுப்பும் உண்டு. முட்டை ஒன்றில் அரை மைக்ரோகிராம், மஞ்சள் கருவில்தான் பெரும்பகுதி. வெள்ளையை மட்டும் தின்பவருக்கு அது போய்விடும். ஒரு டம்ளர் பாலில் ஒரு மைக்ரோகிராமுக்குச் சற்றுக் குறைவு. காபியில் ஊற்றும் பாலை வைத்துக் கணக்கு போடாதீர்கள்.

முருங்கைக்கீரை, பேரீச்சை, பீட்ரூட் எதிலும் பி12 இல்லை. கீரையில் ஃபோலேட் உண்டு, அது வேறு சத்து. பழைய சோற்றிலும் இட்லி மாவிலும் பி12 நிறைய இருப்பதாகச் சொல்லப்படுவதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். அவை நல்ல உணவுகள்தாம், பி12-க்கு நம்பத்தக்க ஊற்று அல்ல. சுருள்பாசியில் இருப்பது பெரும்பாலும் நம் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம்.

ஈரலுக்கு ஒரு வரலாறும் உண்டு. பி12 என்ற பெயரே இல்லாத 1926-இல், ஈரல் சாப்பிட வைத்து உயிர்க்கொல்லி ரத்தசோகையை (உள்ளார்ந்த காரணி சுரக்காததால் வருவது) குணமாக்கிக் காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் மைனாட். அதற்காக 1934-இல் நோபல் பரிசு பெற்றார். அவரே சர்க்கரை நோயாளி. அப்போது புதிதாக வந்த இன்சுலினால்தான் உயிரோடு இருந்தார்.

சிகிச்சை தொடங்கினால் எத்தனை நாளில் தெரியும்?

எலும்பு மஜ்ஜை ஒரு வாரத்துக்குள் விழித்துக்கொள்ளும். ரெட்டிகுலோசைட் என்ற இளம் சிவப்பணுக்களின் எண்ணிக்கை ஏறுவதில் அது தெரியும். ஹீமோகுளோபின் இரண்டு மாதத்தில் சரியாக வேண்டும். பாதியில் ஏற்றம் நின்றுவிட்டால் இரும்பு தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். புது ரத்தம் வேகமாக உருவாகும்போது இருக்கும் இரும்பை எல்லாம் உறிஞ்சிவிடும். மிகக் கடுமையான ரத்தசோகையில் முதல் சில நாள் பொட்டாசியம் இறங்கலாம் என்பதால் அவர்களுக்கு மருத்துவமனைக் கண்காணிப்பு தேவை.

நரம்பு மெதுவாகத்தான் திரும்பும். முதல் சில வாரத்தில் குறுகுறுப்பு கொஞ்சம் கூடுவதும் உண்டு, பயந்து நிறுத்திவிடாதீர்கள். ஆறு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் மாற்றம் தொடங்கும், ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை தொடரும். அறிகுறி தொடங்கிச் சில மாதத்துக்குள் சிகிச்சை கிடைத்தவர்களுக்குப் பலன் அதிகம். வருடக்கணக்கில் விட்டவர்களுக்குச் சேதத்தில் ஒரு பகுதி தங்கிவிடலாம்.

எனக்குச் சிறுநீரகமும் பாதித்திருக்கிறது. என்ன வித்தியாசம்?

இ-ஜி.எஃப்.ஆர். 45-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் அளவைக் குறைக்க வேண்டும், 30-க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும். மருத்துவர்தான் செய்ய வேண்டும், ஆனால் எண்ணை நீங்களும் தெரிந்து வைத்திருங்கள். பி12 விஷயத்தில் இன்னொன்று. 2010-இல் வெளியான கனடா ஆய்வு ஒன்றில், சர்க்கரையால் சிறுநீரகம் பாதித்தவர்களுக்குப் பி6, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் சேர்த்து உயர் அளவில் கொடுத்தபோது சிறுநீரகச் செயல்பாடு இன்னும் வேகமாகக் குறைந்தது. எனவே குறைவு உறுதியாகாமல் 'சத்துக்கு இருக்கட்டும்' என்று கூட்டு மாத்திரைகளை மருந்துக் கடையில் வாங்கி வருடக்கணக்கில் விழுங்க வேண்டாம். குறைவு உறுதியானால் எந்த வடிவம், எத்தனை நாள் என்று சிறுநீரக மருத்துவரைக் கேட்டு எடுங்கள்.

ஆபரேஷன் ஒன்று இருக்கிறது. இதையெல்லாம் சொல்ல வேண்டுமா?

அவசியம் சொல்ல வேண்டும். மயக்க மருந்தோடு கொடுக்கப்படும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு உடலில் இருக்கும் பி12-ஐச் செயலிழக்கச் செய்யும். ஏற்கெனவே குறைவாக இருப்பவருக்கு, அறுவை முடிந்த சில நாள் அல்லது வாரங்களில் கால் பலமிழந்து நடக்க முடியாமல் போன நேர்வுகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கின்றன. எத்தனை வருடமாக மெட்ஃபார்மின், கடைசியாகப் பார்த்த பி12 எவ்வளவு, கால் மதமதப்பு உண்டா என்ற மூன்றையும் மயக்கவியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பி12 பார்த்ததே இல்லை என்றால் முன்பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் அன்றே அதையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். குறைவு தெரிந்தால் அந்த வாயுவைத் தவிர்த்து வேறு முறையில் மயக்கம் கொடுக்க அவர்களால் முடியும்.